ஆட்டைப் பிடித்த கிருமி ஆளையும் பிடித்தது எப்படி?

உங்கள் வீட்டிலோ, தாத்தா பாட்டி ஊரிலோ ஆடு, மாடு வளர்க்கிறார்களா? அப்படியானால் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். "ஆடு குட்டி வீசிடுச்சு..." "மாடு கன்னு வீசிடுச்சு..." என்று பெரியவர்கள் வருத்தத்தோடு சொல்வார்கள். வயிற்றில் வளரும் குட்டி, மாதம் நிறைவதற்கு முன்பே இறந்து வெளியே வந்துவிடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

அது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்களுக்கு எப்போதாவது வயிற்றுப்போக்கு வந்திருக்கிறதா? வராமல் இருக்குமா! வயிறு முறுக்கும், காய்ச்சல் அடிக்கும், நாலைந்து நாட்கள் பள்ளிக்கூடத்துக்கு லீவு. அம்மா கொடுக்கும் கஞ்சியைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது.

ஆடு குட்டி வீசுவதற்கும், உங்கள் வயிறு கலங்குவதற்கும் என்ன சம்பந்தம்? "ஒரு சம்பந்தமும் இல்லையே!" என்றுதானே சொல்வீர்கள்? டாக்டர்களும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தார்கள். கால்நடை மருத்துவர்கள் ஒரு பக்கம் ஒரு கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் இன்னொரு பக்கம் ஒரு கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் தேடியது ஒரே குடும்பத்துக் கிருமியை என்பது தெரிய எழுபது வருடங்கள் ஆகிவிட்டன!

அந்தத் துப்பறியும் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

குட்டி வீசிய ஆடுகள்

கதை தொடங்கும் இடம் இங்கிலாந்து. 1900-களின் தொடக்கத்தில் அங்கே விவசாயிகளுக்கு ஒரு பெரிய கவலை. பண்ணைகளில் மாடுகளும் ஆடுகளும் வரிசையாகக் குட்டி வீசின. ஒரு செம்மறி ஆடு சினையானால் குட்டி போட ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும். அங்கே வருடத்துக்கு ஒரு முறைதான் ஈனும். அந்த ஒரு குட்டியும் போனால், அந்த ஆட்டால் அந்த வருடம் கிடைக்க வேண்டிய வருமானமே போயிற்று. ஒரு மந்தையில் பத்து ஆடு, இருபது ஆடு என்று வீசினால் விவசாயி கதி என்ன?

அரசாங்கம் இதை ஆராய ஒரு குழு அமைத்தது. அதில் முக்கியமான இருவர் ஜான் மெக்பேடியன், ஸ்டீவர்ட் ஸ்டாக்மன். இருவரும் கால்நடை மருத்துவர்கள். 1906-ம் ஆண்டு, குட்டி வீசிய ஒரு செம்மறி ஆட்டின் கருப்பையில் இருந்து எடுத்த சளி போன்ற திரவத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள்.

மாடு கன்று வீசுவதற்குக் காரணமான ஒரு கிருமியை டென்மார்க்கைச் சேர்ந்த பெர்னார்டு பாங் 1897-லேயே கண்டுபிடித்திருந்தார். அது குட்டையான குச்சி மாதிரி இருக்கும். இங்கேயும் அதுதான் இருக்கும் என்று எதிர்பார்த்தால்... இல்லை! இது வேறு. ஒன்று காற்புள்ளி போல வளைந்திருந்தது. இன்னொன்று 'எஸ்' எழுத்து போல நெளிந்திருந்தது. பாட்டில் மூடியைத் திருகி எடுக்கும் கம்பி போல அவை சுழன்று சுழன்று நீந்தின.

1913-ல் இவர்கள் இதைப் பற்றி அறிக்கை எழுதினார்கள். சில வருடங்கள் கழித்து அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித் என்ற விஞ்ஞானி, மாடுகள் வீசிய கன்றுகளிலும் இதே மாதிரி வளைந்த கிருமியைக் கண்டார். 1919-ல் அதற்கு 'விப்ரியோ ஃபீட்டஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஃபீட்டஸ் என்றால் கரு.

அது எப்படிக் கருப்பை வரைக்கும் போகிறது? ஆடு மேயும்போது புல்லோடும் தண்ணீரோடும் கிருமி வாய்க்குள் போகிறது. அங்கிருந்து குடல். குடலில் சத்தமில்லாமல் தங்கிக்கொள்கிறது. ஆடு சினையாக இருந்தால், குடலில் இருந்து இரத்தத்துக்குத் தாவி, அதன் வழியே நஞ்சுக்கொடிக்குப் போய்விடுகிறது. தாயிடம் இருந்து குட்டிக்கு உணவு போவதே அந்தக் கொடி வழியாகத்தானே? அது கெட்டுப்போனால் குட்டி பிழைக்காது. தாய் ஆடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால், அது வீசிய குட்டியும் கொடியும் விழுந்த இடமெல்லாம் கிருமி! பக்கத்தில் மேயும் மற்ற ஆடுகள் அந்தப் புல்லைத் தின்ன, நோய் மந்தை முழுக்கப் பரவுகிறது.

கண்ணில் பட்டும் கையில் சிக்காத கிருமி

சரி, மனிதர்களிடம் இந்தக் கிருமி இல்லையா? இருந்தது. முதலில் கண்டவர் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர். ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருந்தவர். 'ஈ.கோலி' என்ற கிருமியின் பெயரில் உள்ள 'ஈ' இவரைத்தான் குறிக்கிறது!

1886-ம் ஆண்டு, வயிற்றுப்போக்கால் இறந்துபோன குழந்தைகளின் குடலில் திருகு வடிவக் கிருமிகள் இருப்பதை எஷரிக் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். படமும் எழுத்துமாகக் குறித்து வைத்தார். ஆனால், அவற்றை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க அவரால் முடியவில்லை. வளர்க்க முடியாவிட்டால் அது என்ன கிருமி, அதுதான் நோயைக் கொடுத்ததா என்று நிரூபிக்க முடியாது. ஆகவே, அந்தக் குறிப்பு அப்படியே கிடந்தது.

அரை நூற்றாண்டு ஓடியது. 1938-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில், அடுத்தடுத்து இருந்த இரண்டு அரசு நிலையங்களில் தங்கியிருந்த 355 பேருக்கு வயிற்றுப்போக்கு. காரணம், அவர்கள் குடித்த பால்! நோயாளிகள் சிலருடைய இரத்தத்தைச் சோதித்தபோது மாட்டில் இருந்ததைப் போலவே வளைந்த கிருமி தெரிந்தது. 1947-ல் பிரான்ஸ் நாட்டில் கர்ப்பிணிப் பெண்கள் சிலருடைய இரத்தத்திலும் 'விப்ரியோ ஃபீட்டஸ்' இருந்தது. அவர்களில் சிலருக்குக் கரு கலைந்தும் போனது.

ஆடு, மாடு, பால், மனிதர்... முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாக அவிழ ஆரம்பித்தது.

எலிசபெத் கிங் கவனித்தது என்ன?

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒரு பெரிய நோய்த்தடுப்பு மையம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர் எலிசபெத் கிங். எந்த ஊர் டாக்டருக்கும் புரியாத கிருமி கிடைத்தால் இவருக்குத்தான் பார்சல் வரும். இது என்ன கிருமி என்று இனம் பிரித்துச் சொல்வதில் அவர் கெட்டிக்காரர்.

நோயாளிகளின் இரத்தத்தில் இருந்து எடுத்த வளைந்த கிருமிகள் பல இடங்களில் இருந்து அவரிடம் வந்து சேர்ந்தன. எல்லாம் ஒன்றுதான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கிங் அப்படி விட்டுவிடவில்லை. அவற்றை வேறு வேறு வெப்பநிலையில் வளர்த்துப் பார்த்தார். சில கிருமிகள் மாட்டில் இருந்து எடுத்தவற்றைப் போலவே நடந்துகொண்டன. வேறு சில மட்டும் 42 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஜம்மென்று வளர்ந்தன! 'ஆகா, இவை இரண்டும் பங்காளிகள். ஒன்றல்ல!' என்று புரிந்துகொண்டார். 1957-ல் அதை எழுதினார். சூட்டில் வளர்ந்த வகைக்கு 'உறவுக்கார விப்ரியோ' என்ற பொருளில் பெயர் வைத்தார்.

இன்னொன்றையும் கவனித்தார். அந்த உறவுக்காரக் கிருமி இருந்தவர்களுக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. 'இது குடலைத் தாக்கும் கிருமி. நாம் நினைப்பதைவிட நிறையப் பேருக்கு இது இருக்கலாம். மலத்தில் தேடினால் கிடைக்கும்' என்பது அவருடைய சந்தேகம். ஆனால், மலத்தில் இருந்து அதைப் பிரித்து எடுக்க அப்போது வழி இல்லை. 1966-ல் எலிசபெத் கிங் காலமாகிவிட்டார். தன் சந்தேகம் சரிதான் என்பதை அறிய அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

(தெரியுமா? உடல் சூடு மனிதருக்கு 37 டிகிரி செல்சியஸ். செம்மறி ஆட்டுக்கு ஏறக்குறைய 39. கோழிக்கு 41 முதல் 42 வரை! எலிசபெத் கிங் பார்த்த கிருமிக்கு 42 டிகிரி ஏன் பிடித்தது என்று இப்போது ஊகிக்க முடிகிறதா? அதைப் பிறகு பார்ப்போம்.)

சல்லடையில் சிக்காத கெட்டிக்காரன்

மலத்தில் இருந்து ஒரு கிருமியைப் பிரிப்பது அவ்வளவு கஷ்டமா? ஆமாம்! நம் குடலில் கோடி கோடியாக பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றை ஆய்வுக்கூடத் தட்டில் போட்டால் மற்றவை எல்லாம் மளமளவென்று வளர்ந்து தட்டையே மூடிவிடும். நம் ஆள் மெதுவாக வளர்பவன். திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போன குழந்தை மாதிரி மறைந்துவிடுவான்.

அதோடு இவனுக்கு இன்னொரு குணம் உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. அவ்வளவு ஆக்சிஜன் இவனுக்கு ஆகாது. 5 சதவீதம் போதும். சுத்தமாக இல்லாமல் இருந்தாலும் பிடிக்காது! சாதாரணமாகத் தட்டை மூடி வைத்தால் எப்படி வளர்வான்?

1972-ல் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் இரண்டு பேர் சேர்ந்து இதற்கு ஒரு வழி செய்தார்கள். ஒருவர் ஜான் பால் பட்ஸ்லர். மனிதர்களின் நோய்களை ஆராய்ந்த டாக்டர். இன்னொருவர் டெகெய்ஸர். இவர் கால்நடை ஆய்வுக்கூடத்துக்காரர். கால்நடைக்காரர்களுக்கு ஒரு வடிகட்டும் உத்தி பழக்கமாக இருந்தது. அதை மனித மலத்தில் செய்து பார்த்தால் என்ன?

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கடுகையும் கொண்டைக்கடலையையும் கலந்து சல்லடையில் போட்டுச் சலியுங்கள். கடுகு கீழே போகும், கடலை மேலே நிற்கும். இது அதே தந்திரம்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அவர்கள் எடுத்த சல்லடையின் ஓட்டை வெறும் 0.65 மைக்ரான்! குண்டுக் கிருமிகள் எல்லாம் மேலேயே நின்றுவிட்டன. ஒல்லியான உடம்பும் சுழன்று நீந்தும் திறமையும் உள்ள நம் திருகுக் கிருமி மட்டும் நழுவிக் கீழே வந்துவிட்டது. அதைக் குறைந்த ஆக்சிஜனில் வைத்து வளர்த்தார்கள். வளர்ந்தது!

86 வருடங்களுக்கு முன்பு எஷரிக் கண்ணால் மட்டும் பார்த்த உருவம், இப்போது தட்டில் வளர்ந்து நின்றது. கால்நடை ஆய்வுக்கூடமும் மனித ஆஸ்பத்திரியும் கைகோத்ததால் நடந்த காரியம் இது.

இதற்கிடையில் கிருமிக்குப் பெயரும் மாறிவிட்டது. 1963-ல் இதற்கு 'கேம்பிலோபேக்டர்' என்று பெயர் சூட்டினார்கள். கிரேக்க மொழியில் 'வளைந்த குச்சி' என்று பொருள். இந்தக் குடும்பத்தில் பல பேர் இருந்தாலும் இரண்டு பேரை நினைவில் வையுங்கள். ஒருவன் கேம்பிலோபேக்டர் ஃபீட்டஸ். ஆடு மாடுகளின் கருவைக் கலைப்பவன். இன்னொருவன் கேம்பிலோபேக்டர் ஜெஜுனி. கிங் சொன்ன 'உறவுக்காரன்' பெரும்பாலும் இவன்தான். சிறுகுடலின் நடுப்பகுதிக்கு ஜெஜுனம் என்று பெயர். அதில் இருந்து வந்த பெயர் இது.

ஆயிரம் பேரில் ஒரு விடை

சல்லடை வேலை எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்ய முடியாதே? இங்கிலாந்தில் வூஸ்டர் நகரத்து ஆய்வுக்கூடத்தில் இருந்த மார்ட்டின் ஸ்கிரோ ஓர் எளிய வழியைக் கண்டுபிடித்தார். தட்டில் சில ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கலந்தார். மற்ற கிருமிகள் அதில் வளராது. இந்தக் கிருமி மட்டும் அதற்கு அசைந்து கொடுக்காது. சூட்டையும் கூட்டி வைத்தார். வேலை முடிந்தது!

வயிற்றுப்போக்கு வந்த 803 பேரின் மலத்தைச் சோதித்தார். 57 பேரிடம் கேம்பிலோபேக்டர் இருந்தது. அதாவது 14 பேருக்கு ஒருவர். வயிற்றுப்போக்கு இல்லாத 194 பேரையும் சோதித்தார். ஒருவரிடம்கூட இல்லை! இந்த இரண்டாவது கணக்கு மிக முக்கியம். நோய் உள்ளவரிடம் இருக்கிறது, இல்லாதவரிடம் இல்லை என்றால் சந்தேகம் கிருமி மேல்தானே விழும்?

1977-ல் அவருடைய கட்டுரை வெளிவந்தது. அதன் பிறகு பல நாட்டு ஆய்வுக்கூடங்களும் இந்த முறையில் தேட ஆரம்பித்தன. தேடிய இடமெல்லாம் கிடைத்தது. இன்று உலக சுகாதார நிறுவனம், உலகம் முழுவதும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நான்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக கேம்பிலோபேக்டரைச் சொல்கிறது. இத்தனை காலமும் அது நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. தேடத் தெரியாமல்தான் இருந்தோம்!

கோழிக்குச் சுகம், நமக்குக் கஷ்டம்

42 டிகிரி புதிருக்கு வருவோம். கேம்பிலோபேக்டர் ஜெஜுனிக்குக் கோழியின் குடல் சொந்த வீடு மாதிரி. அங்கே அது வசதியாகக் குடியிருக்கிறது. பெரும்பாலும் கோழிக்கு ஒன்றும் ஆவதில்லை. கொக்கரக்கோ என்று கூவிக்கொண்டு நன்றாகவே இருக்கும். கோழியை அறுத்துச் சுத்தம் செய்யும்போது குடலில் உள்ளது இறைச்சியில் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து கத்தி, பலகை, கை, பக்கத்தில் நறுக்கி வைத்த வெங்காயம், வெள்ளரிக்காய் என்று பயணம் போகும்.

கோழிக்கறியை நன்றாகக் கொதிக்க வேக வைத்தால் கிருமி செத்துவிடும். நம் வீட்டுக் குழம்பில் அது பிழைக்காது. ஆனால், வேகாத வெள்ளரிக்காயில் ஒட்டிக்கொண்டது? அது நேராக உங்கள் வாய்க்குத்தான் வரும்!

குழாயடியில் பச்சைக் கோழியை வைத்துத் தண்ணீரைப் படபடவென்று திறந்துவிட்டால், தெறிக்கும் துளிகளோடு கிருமியும் பக்கத்தில் உள்ள தட்டு, டம்ளர் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். 2014-ல் இங்கிலாந்தின் உணவுத் தர அமைப்பு, "பச்சைக் கோழியைக் கழுவாதீர்கள்" என்று பிரசாரமே செய்தது. கழுவியே தீர வேண்டும் என்றால் பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, தெறிக்காமல் மெதுவாகக் கழுவி, பிறகு அந்த இடத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

எத்தனை கிருமி உள்ளே போனால் நோய் வரும்? ஓர் ஆய்வாளர் 500 கிருமிகள் மட்டும் கலந்த பாலைத் தானே குடித்துப் பார்த்தார். வயிற்றுப்போக்கு வந்துவிட்டது! 1981-ல் இதைப் பற்றி எழுதினார். 500 கிருமிகள் என்பது கண்ணுக்கே தெரியாத அளவு. நீங்கள் இந்தச் சோதனையை மட்டும் செய்து பார்த்துவிடாதீர்கள்!

பால் திருடிய பறவைகள்

இங்கிலாந்தில் விடிகாலையில் பால்காரர் வந்து வாசலில் பால் பாட்டிலை வைத்துவிட்டுப் போவார். பாட்டிலுக்கு மெல்லிய அலுமினியத் தாளில் மூடி இருக்கும். நன்றாகச் சூடுபடுத்திக் கிருமி நீக்கிய பால்தான். அப்படியும் சில இடங்களில் அந்தப் பாலைக் குடித்தவர்களுக்குக் கேம்பிலோபேக்டர் வயிற்றுப்போக்கு வந்தது. எப்படி?

விசாரித்தால்... வீட்டுக்காரர்கள் எழுவதற்கு முன்பே காக்கை இனத்துப் பறவைகள் வந்து மூடியைக் கொத்தி ஓட்டை போட்டுப் பாலைக் குடித்துவிட்டுப் பறந்தன! வயலில் சாணத்தைக் கிளறிப் பூச்சி தின்ற அதே அலகு, பால் பாட்டிலுக்குள்! 1990, 1991-ம் ஆண்டுகளில் மருத்துவப் பத்திரிகையில் இந்தத் திருட்டைப் பற்றிக் கட்டுரைகள் வந்தன. பாட்டிலை மூடி போட்ட பெட்டிக்குள் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. காய்ச்சாத பாலில் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்கக் கூடாது. காய்ச்சிய பாலையும் மூடி வைக்க வேண்டும்!

ஒரு மழை... ஒரு குளம்... ஓர் ஊர்

நியூசிலாந்து நாட்டில் ஹேவ்லாக் நார்த் என்று ஒரு சிறிய ஊர். ஏறக்குறைய 14,000 பேர் வசித்தார்கள். அந்த ஊருக்கு நிலத்தடித் தண்ணீரைக் கிணற்றில் இருந்து எடுத்துக் குழாயில் விட்டார்கள். பூமிக்கு அடியில் இருந்து வரும் தண்ணீர் சுத்தமானது என்ற நம்பிக்கையில் குளோரின் கலக்கவில்லை.

2016-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அங்கே பேய்மழை. அடுத்த சில நாட்களில் ஊரில் ஒவ்வொருவராகப் படுக்கையில் விழுந்தார்கள். பள்ளிக்கூடங்கள் காலியாயின. முதியோர்கள் மிகவும் கஷ்டப்பட்டார்கள். ஏறக்குறைய 5,500 பேருக்கு வயிற்றுப்போக்கு என்று கணக்கிட்டார்கள். ஐந்து பேருக்கு இரண்டு பேர்! 45 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்தும் போனார்கள்.

அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. கிணறுகளுக்கு அருகே செம்மறி ஆடுகள் மேயும் நிலம் இருந்தது. மழைவெள்ளம் ஆட்டுப் புழுக்கைகளை அடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த குளத்தில் கலந்தது. குளத்துத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரோடு சேர்ந்து கிணற்றுக்கு வந்துவிட்டது. நோயாளிகளிடம் இருந்த கேம்பிலோபேக்டரின் மரபணுவையும் ஆடுகளிடம் இருந்ததையும் ஒப்பிட்டார்கள். பொருந்தியது! ஆடு ஊருக்குள் வரவே இல்லை. அதன் கிருமி மட்டும் குழாய் வழியாக வீட்டுக்கு வீடு போய்விட்டது. அதன் பிறகு அந்த ஊர்த் தண்ணீரில் குளோரின் கலக்கிறார்கள்.

கடைசி முடிச்சும் அவிழ்ந்தது

ஆட்டில் கருவைக் கலைப்பவன் ஃபீட்டஸ், நமக்கு வயிற்றுப்போக்கு கொடுப்பவன் ஜெஜுனி என்றுதானே சொன்னோம்? அதிலும் ஒரு திருப்பம்! ஜெஜுனியும் ஆடுகளைக் குட்டி வீச வைக்கிறான். அமெரிக்காவில் செம்மறி ஆடுகள் குட்டி வீசுவதற்கு ஜெஜுனியின் ஒரு வகையே முக்கியக் காரணமாகிவிட்டதை அயோவா மாகாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். 2012-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், அதே வகை வயிற்றுப்போக்கு வந்த மனிதர்களிடமும் இருப்பது தெரிந்தது. காய்ச்சாத பால் குடித்துப் பலர் ஒரே நேரத்தில் நோய்வாய்ப்பட்ட சம்பவங்களிலும் அது இருந்தது.

ஆட்டுக் கொட்டிலில் குட்டியைக் கொன்ற அதே கிருமி, டம்ளர் பாலில் ஆளையும் பிடித்தது. 1906-ல் தொடங்கிய கதை இங்கே வந்து முட்டியது!

அந்த வகைக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. ஆடுகளுக்கு வழக்கமாகக் கொடுத்துவந்த டெட்ராசைக்ளின் மருந்து அதன் முன்னால் தோற்றுவிட்டது. மருந்தைக் கண்டபடி கொடுத்தால் கிருமி அதைத் தாங்கப் பழகிக்கொள்ளும். கோழிகளுக்குக் கொடுத்த ஒரு வகை ஆன்டிபயாடிக்கால், மனிதர்களைத் தாக்கும் கேம்பிலோபேக்டரும் மருந்துக்கு அடங்காமல் போவதைப் பார்த்து, அமெரிக்க அரசு 2005-ல் அந்த மருந்தைக் கோழிகளுக்குக் கொடுக்கத் தடை விதித்தது.

(தெரியுமா? வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் கிருமிக்கு முதலில் வைத்த பெயர் கேம்பிலோபேக்டர்தான். அதுவும் வளைந்துதான் இருக்கும். பிறகுதான் வேறு குடும்பம் என்று பிரித்தார்கள். அது வயிற்றில் நோயை உண்டாக்கும் என்று நிரூபிக்க ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது!)

நோய் வந்தால் என்ன ஆகும்?

கிருமி உள்ளே போன இரண்டு முதல் ஐந்து நாட்களில் வயிற்று வலி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு வரும். மலத்தில் சில சமயம் இரத்தமும் போகும். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். உடம்பில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மலத்தில் இரத்தம் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டு போனாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். கைக்குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அபூர்வமாகச் சிலருக்கு வயிற்றுப்போக்கு நின்ற பிறகு நரம்புகள் பாதிக்கப்பட்டுக் கை, கால்கள் பலவீனமாகிவிடுவதும் உண்டு. 'சும்மா வயிற்றுப்போக்குதானே' என்று அலட்சியம் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

* ஆடு, மாடு, கோழி, நாய்க்குட்டி எதைத் தொட்டு விளையாடினாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஆட்டுக்குட்டியைக் கொஞ்சலாம். கொஞ்சின கையோடு முறுக்கு தின்னக் கூடாது!

* கறந்த சூட்டில் நுரையோடு பால் குடிப்பது சிலருக்குப் பிடிக்கும. வேண்டாம். பொங்கக் காய்ச்சி, மூடி வைத்துக் குடியுங்கள்.

* பச்சை இறைச்சி வெட்டிய கத்தி, பலகையைக் கழுவாமல் காய்கறி நறுக்கக் கூடாது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஞாபகப்படுத்துவது உங்கள் பொறுப்பு.

* மழைக்காலத்தில் கிணற்று நீர், போர் நீர் எதுவானாலும் கொதிக்க வைத்து ஆற வைத்துக் குடியுங்கள்.

* வீட்டில் ஆடோ, மாடோ குட்டி வீசிவிட்டால் அருகே போகாதீர்கள். தொடாதீர்கள். கர்ப்பமாக இருக்கும் அக்கா, சித்திகளையும் போக விடாதீர்கள். பெரியவர்கள் கையுறை போட்டு, குட்டியையும் கொடியையும் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். நாயோ காக்கையோ இழுத்துப் போகக் கூடாது.

* முக்கியமாக, கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குட்டி வீசுவதற்குக் காரணமான கிருமிகள் பல. பாங் கண்டுபிடித்த கிருமியும் அதில் ஒன்று. அதுவும் மனிதர்களுக்குத் தொற்றும். எது என்று சோதனை செய்தால்தான் தெரியும். 'இந்த வருஷம் நேரம் சரியில்லை' என்று பேசாமல் விட்டுவிட்டால் மற்ற ஆடுகளுக்கும் ஆபத்து, வீட்டில் உள்ளவர்களுக்கும் ஆபத்து.

ஒவ்வொரு ஆண்டும் ஜூலை 6-ம் தேதியை, விலங்குகளிடம் இருந்து மனிதருக்குப் பரவும் நோய்களைப் பற்றிய விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். 1885-ல் அதே நாளில்தான் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி போட வைத்தார். வரும் ஜூலை 6 அன்று உங்கள் வகுப்பில் இந்தத் திருகுக் கிருமியின் கதையைச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். உங்கள் தெருவில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால், டாக்டர் "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பார். அப்போது, "எங்க வீட்டு ஆடு போன வாரம் குட்டி வீசிடுச்சு டாக்டர்" என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் எழுபது வருடம் தாமதமாகக் கிடைத்தது. உங்கள் டாக்டருக்கு உடனே கிடைக்கட்டுமே!